நம் மலைக்கு வந்த வானியல் அறிஞர் வைணு பாப்பு



இந்த மாதம் அறிஞர் வரலாறு எழுதுவது என் முறை. நடக்கிற பாடத்தோடு சம்பந்தப்பட்ட ஒருத்தரைப் பற்றி எழுது என்று அறிவியல் சார் சொல்லிவிட்டார். நடக்கிற பாடம் அடர்த்தி. அடர்த்தி என்றாலே எல்லாரும் ஆர்க்கிமிடிசைத்தான் எழுதுவார்கள். அரசரின் கிரீடம், குளியல் தொட்டி எல்லாம் நமக்கு மனப்பாடம். போன வருஷம்கூட இதே சுவரில் அது வந்தது. அதனால் நான் வேறு ஒருவரை எடுத்துக்கொண்டேன். அவர் நம்ம ஜவ்வாது மலைக்கே வந்தவர். ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் வரும் வழியில் காவலூரில் ஒரு வானாய்வகம் இருக்கிறதே, அது இவர் பெயரில்தான் இருக்கிறது. வைணு பாப்பு.

நட்சத்திரம் பார்த்தவருக்கும் அடர்த்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அதற்கு முன்னால் எங்க மாமாவின் தேன் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் புரியும். (கையெழுத்து கொஞ்சம் பொடியாக இருக்கும், கிட்ட வந்து படிங்க. ரெண்டு சார்ட்டுக்கு மேல் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள்.)

எங்க மாமா மலைத்தேன் எடுப்பவர். எடுத்த தேனை 750 மி.லி. பாட்டிலில் ஊற்றி அடிவாரத்தில் ஒரு வியாபாரியிடம் கொடுப்பார். வியாபாரி ஒரு பாட்டிலை முக்கால் கிலோ என்று கணக்குப் போட்டுக் காசு கொடுப்பார். எனக்குத் தெரிந்து எப்போதும் அப்படித்தான். யாருக்கும் அதில் சந்தேகம் வந்ததில்லை. லிட்டரும் கிலோவும் ஒண்ணுதானே என்று நானும் நினைத்திருந்தேன். தண்ணீருக்கு ஒண்ணுதான். தேனுக்கு இல்லை.

அடர்த்தி பாடம் நடந்தபோது சார் எதையாவது கொண்டு வந்து அளந்து பாருங்கள் என்றார். நான் தேன் கொண்டு போனேன். வெறும் அளவு ஜாடியைத் தராசில் வைத்தோம். 84 கிராம். அதிலேயே 50 மி.லி. கோடு வரை தேன் ஊற்றி மறுபடி வைத்தோம். 154 கிராம். அப்படின்னா தேன் மட்டும் 70 கிராம். அடர்த்தி என்பது நிறையைக் கன அளவால் வகுப்பது. 70-ஐ 50-ஆல் வகுத்தால் 1.4. அதாவது ஒரு மி.லி. தேன் 1.4 கிராம். தண்ணீர் 1 கிராம்தான்.

இங்கே ஒரு விஷயம். தேனை வேறு பாத்திரத்துக்கு மாற்றி எடை போடாதீர்கள். பாதி ஒட்டிக்கொள்ளும், கணக்கு தப்பாகிவிடும். எங்க குழு முதல் தடவை அப்படித்தான் செய்து 1.2 என்று எழுதியது. நுரை அடங்கிய பிறகு, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். கல்லுக்கு வேறு வழி. ஜாடியில் 60 மி.லி. தண்ணீர் வைத்துக் கல்லை நூலில் கட்டி இறக்கினோம். தண்ணீர் 80-க்கு ஏறியது. கல்லின் கன அளவு 20 மி.லி. எடை 54 கிராம். அடர்த்தி 2.7. நம்ம மலைப் பாறை கிட்டத்தட்ட இவ்வளவுதான் வரும்.

அன்று சாயங்காலம் வீட்டில் 750-ஐ 1.4-ஆல் பெருக்கினேன். 1,050. மாமாவிடம் சொன்னேன். நம்பவில்லை. மறுநாள் கடைக்குப் போய் காலி பாட்டிலையும் தேன் பாட்டிலையும் தனித்தனியாக எடை போட்டார். வித்தியாசம் ஒரு கிலோவுக்கு மேல் வந்தது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் 300 கிராம் சும்மா போயிருக்கிறது. மாமா ஒண்ணும் பேசவில்லை. ரொம்ப நேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷத்துக்கு எத்தனை பாட்டில் என்று கணக்குப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். இனிமேல் தராசில் வைத்தால்தான் தேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வியாபாரியிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

சரி, தேனும் கல்லும் கைக்கு எட்டுகிற பொருள். தராசும் ஜாடியும் இருந்தால் போதும். கைக்கே எட்டாத ஒன்றுக்கு எப்படி அடர்த்தி கண்டுபிடிப்பது? அதைத்தான் 1972-ல் நம்ம மலையில் செய்தார்கள். அதற்கு வழி பண்ணிக் கொடுத்தவரின் வரலாறு இனி.

மணலி கல்லட் வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையில் பிறந்தார். குடும்பத்துக்குப் பூர்வீகம் கேரளாவின் தலச்சேரி. வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா ஐதராபாத் நிசாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தார். அதனால் நாம் ஆட்டுப்பட்டியைச் சுற்றி வளர்கிற மாதிரி அவர் தொலைநோக்கியைச் சுற்றி வளர்ந்தார். நிசாம் கல்லூரியில் படிக்கும்போதே, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைப் பார்த்துக் குறித்து வைத்துக் கட்டுரை எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து ஹார்லோ ஷாப்லி என்ற பெரிய வானியலாளர் ஐதராபாத் வந்தபோது இந்த இளைஞர் அவரைச் சந்தித்தார். பிறகு ஐதராபாத் அரசின் உதவித்தொகை கிடைத்து 1949-ல் ஹார்வர்டு போனார்.

போன சில மாதத்திலேயே ஒரு அதிசயம். 1949 ஜூலை 2-ஆம் தேதி இரவு வானத்தைப் படம் பிடித்த தகட்டில் யாரும் எதிர்பார்க்காத ஒரு வால்நட்சத்திரம் தெரிந்தது. பாப்பு, அவருடைய ஆசிரியர் பார்ட் போக், உடன் படித்த கார்டன் நியூகிர்க் மூன்று பேரும் சேர்ந்து அதை உறுதி செய்தார்கள். அதற்கு பாப்பு–போக்–நியூகிர்க் வால்நட்சத்திரம் என்றே பெயர். மாணவர் பெயர் முதலில், ஆசிரியர் பெயர் இரண்டாவது! அந்தக் கண்டுபிடிப்புக்காக அவருக்கு டோன்ஹோ பதக்கம் கிடைத்தது. அப்போது வயது 22 கூட ஆகவில்லை.

1952-ல் டாக்டர் பட்டம். அடுத்து கலிபோர்னியாவில் பாலோமர் வானாய்வகம். அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரிய தொலைநோக்கி அங்கேதான் இருந்தது. அங்கே ஓலின் வில்சன் என்பவருடன் சேர்ந்து நட்சத்திர ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். அதில் கால்சியம் உண்டாக்கும் ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டின் நடுவில் மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று வரும். உண்மையிலேயே பிரகாசமான நட்சத்திரங்களுக்கு அந்தக் கீற்று அகலமாகவும், மங்கலானவற்றுக்கு ஒடுக்கமாகவும் இருப்பதைக் கண்டார்கள். கோட்டின் அகலத்தை அளந்தால் நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசம் தெரியும். அதை வைத்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் சொல்லலாம். 1957-ல் வெளிவந்த இதற்கு வில்சன்–பாப்பு விளைவு என்று பெயர். கல்லூரிப் பாடப் புத்தகங்களில் வரும் என்று சார் சொன்னார்.

இவ்வளவு பெயர் கிடைத்தவர் அங்கேயே இருந்திருக்கலாம். 1953-ல் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார். இங்கே அப்போது நல்ல புதுத் தொலைநோக்கியே இல்லை. 1954-ல் காசியில் உத்தரப்பிரதேச அரசின் வானாய்வகம் தொடங்கியதில் அவர் பங்கு பெரியது. பிறகு அது நைனிதால் மலைக்கு மாறியது. 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு இயக்குநர் ஆனார். வயது 33-தான்.

கொடைக்கானல் சூரியனைப் பார்ப்பதற்குப் பெயர் போனது. ஆனால் ராத்திரி நட்சத்திரம் பார்க்க மேகமும் மூடுபனியும் விடாது. அதனால் பாப்பு தென்னிந்தியாவில் வேறு இடம் தேடினார். மேகம் குறைவாக இருக்கணும், ஊர் விளக்கு வெளிச்சம் எட்டக்கூடாது, பூமத்திய ரேகைக்கு முடிந்தவரை பக்கத்தில் இருந்தால் வடக்கு வானம் தெற்கு வானம் ரெண்டும் தெரியும். இதெல்லாம் பொருந்தி வந்த இடம் நம்ம ஜவ்வாது மலையின் காவலூர். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். நமக்குக் கரண்ட் இல்லை, ரோடு இல்லை என்று நாம் குறைப்பட்டுக்கொண்டிருந்த அந்த இருட்டுதான் அவருக்கு வேண்டியிருந்தது! (இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்க பாட்டிக்கு வராது.)

1968-ல் முதலில் ஒரு 15 அங்குலத் தொலைநோக்கி வந்தது. அது கொடைக்கானல் பட்டறையிலேயே செய்தது. 1972-ல் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனம் செய்த 40 அங்குலத் தொலைநோக்கி வந்து நின்றது. 40 அங்குலம் என்றால் கண்ணாடியின் குறுக்களவு, கிட்டத்தட்ட ஒரு மீட்டர்.

அது வந்த வருஷமே ஒரு நல்ல வாய்ப்பு. வியாழன் கோளுக்கு நிறைய நிலாக்கள் உண்டு. அதில் பெரியது கனிமீட். 1972 ஜூன் 7-ஆம் தேதி அந்தக் கனிமீட், தூரத்தில் இருக்கிற ஒரு நட்சத்திரத்துக்கு நேர் முன்னால் கடந்து போகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத மங்கலான நட்சத்திரம்தான் அது. காவலூரில் பாப்புவின் சக விஞ்ஞானி ஜே.சி.பட்டாச்சார்யா தயாராக இருந்தார். இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் லெம்பாங் என்ற இடத்திலும் ஒரு குழு தயாராக இருந்தது. ஜவ்வாதுக்கும் ஜாவாவுக்கும் பெயர்ப் பொருத்தம் பார்த்தீர்களா!

இதில் அடர்த்தி எங்கே வருகிறது? சொல்கிறேன். அடர்த்திக்கு ரெண்டு எண் வேண்டும். நிறை ஒன்று, கன அளவு ஒன்று. கனிமீட்டின் நிறை ஓரளவு தெரிந்திருந்தது. பக்கத்து நிலாக்களை அது எவ்வளவு இழுக்கிறது என்பதை வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். தராசில் வைக்காமலே எடை! ஆனால் கன அளவு சரியாகத் தெரியவில்லை. எவ்வளவு பெரிய தொலைநோக்கியிலும் கனிமீட் ஒரு சின்ன வட்டமாகத்தான் தெரியும், அதுவும் நம் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும். அதன் விளிம்பு எங்கே முடிகிறது என்று திட்டமாகச் சொல்ல முடியாது.

நட்சத்திரத்தை மறைக்கும்போதுதான் அதற்கு வழி பிறக்கிறது. ராத்திரி ரோட்டோரம் நின்று எதிர்ப்பக்கம் இருக்கிற ஒரு விளக்கைப் பாருங்கள். நடுவில் ஒரு பஸ் போகிறது. நொடிக்கு 10 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். விளக்கு ஒரு நொடி மறைந்து திரும்பத் தெரிந்தால் பஸ்ஸின் நீளம் 10 மீட்டர். பஸ்ஸுக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம், டேப் பிடிக்க வேண்டாம். கடிகாரம் இருந்தால் போதும். நட்சத்திரத்திலும் அதே கதைதான். நட்சத்திரம் ரொம்ப ரொம்ப தூரம் என்பதால், அதன் ஒளியில் பூமி மேல் விழுகிற கனிமீட்டின் நிழல், கனிமீட் எவ்வளவு பெரிசோ அதே அளவுதான் இருக்கும். அந்த நிழல் என்ன வேகத்தில் ஓடும் என்று தெரியும். நட்சத்திரம் எத்தனை நொடி மறைந்தது என்று அளந்தால், அந்த இடத்தில் நிழலின் குறுக்கு நீளம் வந்துவிடும்.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் அளந்தால் போதாது. நிழலின் நடுவில் இருந்தோமா, ஓரத்தில் இருந்தோமா என்று தெரியாதே. அதற்குத்தான் காவலூரும் ஜாவாவும். ரெண்டு இடத்திலிருந்து ரெண்டு நாண். நம்ம கணக்குப் பாடத்தில் வட்டம் படித்தவர்களுக்குத் தெரியும், வட்டத்தின் மேல் மூன்று புள்ளி கிடைத்தாலே வட்டத்தை வரைந்துவிடலாம். ரெண்டு நாணுக்கு நாலு முனை. நான் காம்பஸை வைத்து வரைந்து பார்த்தேன், வருகிறது.

1973-ல் முடிவை வெளியிட்டார்கள். கனிமீட்டின் விட்டம் 5,270 கி.மீ. கூடினால் 30 கி.மீ., குறைந்தால் 200 கி.மீ. பிழை இருக்கலாம் என்று சேர்த்தே சொன்னார்கள். இனி நாமே கணக்குப் போடலாம். ஆரம் 2,635 கி.மீ. கோளத்தின் கன அளவுச் சூத்திரத்தில் போட்டால் 7.66 × 10¹⁰ கன கி.மீ. வரும். ஒரு கன கிலோமீட்டர் என்பது 10¹⁵ கன சென்டிமீட்டர். ஆகவே 7.66 × 10²⁵ கன செ.மீ. கனிமீட்டின் நிறை இன்றைய கணக்குப்படி 1.48 × 10²³ கிலோ, அதாவது 1.48 × 10²⁶ கிராம். வகுங்கள். 1.93 வரும். சுமாராக 2.

நம்ம மலைக்கல் 2.7. ஐஸ் 0.92. கனிமீட் ரெண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அப்படியென்றால் அது முழுக்கப் பாறையும் இல்லை, முழுக்க ஐஸும் இல்லை. பாதிக்குப் பாதி கலந்தது. (உள்ளே அழுத்தம் அதிகம் என்பதால் ஐஸும் பாறையும் இன்னும் இறுகி இருக்கும். அதனால் வெளியில் இருக்கிற ஐஸை வைத்து அப்படியே கணக்குப் போடக் கூடாது என்று சார் திருத்தினார்.) நம்ம நிலாவின் அடர்த்தி 3.34, அது பாறைதான். வியாழனின் இன்னொரு நிலா ஐயோ 3.5. வியாழனுக்குக் கிட்ட இருக்கிற நிலாக்கள் கல், தள்ளி இருப்பவை ஐஸ் கலந்தவை. யாரும் போய் ஒரு பிடி மண் எடுத்து வராமலே இதெல்லாம் தெரிகிறது.

விட்டத்தை இவ்வளவு கவனமாக அளக்க வேண்டுமா, கொஞ்சம் முன்ன பின்ன இருந்தால் என்ன என்று என் பக்கத்து பெஞ்சுத் தோழி கேட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். போட்டுப் பார்த்தோம். விட்டத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டி வைத்தால் கன அளவு 1.1 × 1.1 × 1.1, அதாவது 1.33 மடங்கு ஆகிறது. அடர்த்தி 1.45-க்கு இறங்குகிறது. பத்தில் ஒரு பங்கு குறைத்து வைத்தால் அடர்த்தி 2.65. அதாவது நம்ம மலைக்கல்! ஒரே நிலா, விட்டத்தில் கொஞ்சம் பிசகினால் ஒரு பக்கம் பெரும்பாலும் ஐஸ் என்போம், மறுபக்கம் முழுக்கக் கல் என்போம். மூன்று தடவை பெருக்குவதால் சின்னத் தப்பு மூன்று மடங்காகப் பெரிசாகிவிடுகிறது. அந்த ராத்திரி நட்சத்திரம் மறைந்த நொடியையும் வெளிவந்த நொடியையும் அவர்கள் குறித்தது இதனால்தான் அவ்வளவு முக்கியம்.

அன்று இன்னொன்றும் பார்த்தார்கள். நட்சத்திரம் சட்டென்று அணையவில்லை, கொஞ்சம் மங்கி அணைந்தது. அதனால் கனிமீட்டைச் சுற்றி மெல்லிய காற்று இருக்கிறது என்று எழுதினார்கள். 1979-ல் வாயேஜர் விண்கலம் கிட்டப் போய்ப் பார்த்தபோது அவர்கள் சொன்ன அளவுக்கு அங்கே காற்று இல்லை. பிற்பாடு ஹப்பிள் தொலைநோக்கி மிக மிக மெல்லிய ஆக்சிஜன் இருப்பதைக் கண்டது, அது இவர்கள் சொன்னதைவிட ரொம்பக் குறைவு. ஆனால் விட்டம்? இன்றைய அளவு 5,268 கி.மீ. நம்ம மலையும் ஜாவாவும் சேர்ந்து சொன்னது 5,270. காற்று விஷயத்தை மறைத்துவிட்டு இதை மட்டும் எழுதலாமா என்று யோசித்தேன். ரெண்டையும் எழுதுவதுதான் சரி என்று பட்டது.

1977 மார்ச் 10-ல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தைக் கடந்தபோதும் இதே 40 அங்குலத் தொலைநோக்கி விழித்திருந்தது. அன்று உலகில் சில இடங்களில் பார்த்ததை வைத்துத்தான் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று தெரிந்தது. காவலூரும் அதில் ஒன்று.

பாப்புவின் மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1971-ல் கொடைக்கானல் வானாய்வகம் இந்திய வானியற்பியல் நிறுவனம் ஆனது, பிறகு பெங்களூருக்கு மாறியது. அதற்கு அவரே முதல் இயக்குநர். 1970-ல் பட்நாகர் விருது, 1981-ல் பத்மபூஷண். 1979-ல் உலக வானியலாளர் சங்கத்துக்குத் தலைவர் ஆனார். ஒரு இந்தியர் அந்தப் பதவிக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

ஆனாலும் அவருக்கு ஒரு பெரிய ஆசை பாக்கி இருந்தது. 40 அங்குலம் வெளிநாட்டில் செய்தது. அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல் பெரிசாக, 2.34 மீட்டர் கண்ணாடியோடு ஒரு தொலைநோக்கியை இந்தியாவிலேயே வடிவமைத்து, இந்தியாவிலேயே செய்து, காவலூரில் நிறுத்த வேண்டும் என்று வேலையைத் தொடங்கினார். கண்ணாடியைப் பெங்களூரில் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். வருஷக்கணக்கில் ஆகிற வேலை. அது முடிவதற்குள், 1982 ஆகஸ்ட் 19-ஆம் தேதி, ஜெர்மனியின் மியூனிக் நகரில் இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் காலமானார். வயது 55. அதே நாட்களில் கிரீஸ் நாட்டில் உலக வானியலாளர் சங்கத்தின் மாநாடு நடந்துகொண்டிருந்தது. தலைவர் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டியது.

தொலைநோக்கி நிற்கவில்லை. அவருடன் வேலை பார்த்தவர்கள் அதை முடித்தார்கள். 1986 ஜனவரி 6-ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து வானாய்வகத்துக்கும் அந்தப் பெரிய தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். வானத்தில் 2596 என்ற எண் கொண்ட ஒரு குறுங்கோளுக்கும் அவர் பெயர் இருக்கிறது.

வியாழன் தெரிகிற மாதங்களில் சாரிடம் பைனாகுலர் கேட்டால் தருவார். கை ஆடாமல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு பாருங்கள். வியாழனுக்குப் பக்கத்தில் ஒரே கோட்டில் நாலு புள்ளி வரை தெரியும். அதில் நல்ல வெளிச்சமாக இருப்பது பெரும்பாலும் கனிமீட். அடர்த்தி 1.93. அளவு ஜாடியில் போட வேண்டாம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி